சடையன் வால் தூக்கினான்

கோணப்பாறைக் காட்டில் சடையனைப் பிடிக்காத மிருகமே கிடையாது. நீண்ட வாலும் கூர்மையான கண்ணும் உள்ள குரங்கு அவன். பாதை ஓரத்து இலுப்பை மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் உதவி செய்வதே அவன் பிழைப்பு. அந்த உதவி என்ன லட்சணத்தில் முடிந்தது என்பதுதான் கதை.

அந்தக் காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நிற்கும். மடுவுக்கு இறங்கவும் ஒரே ஒரு பாதைதான். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். பாதி வழியில் பாதை பாறையைச் சுற்றித் திரும்பும். இறங்குகிறவருக்கு ஏறுகிறவர் தெரியாது. ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் தெரியாது. போன கோடையில் ஒரு கரடியும் ஒரு கடமானும் அந்த வளைவில் முட்டிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தன. இரண்டும் பிழைக்கவில்லை.

அதன்பிறகு காடே கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டது. வளைவுக்கு முன்னால் நிற்க வேண்டும். குரல் கொடுக்க வேண்டும். எதிர்க்குரல் வந்தால் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். வராவிட்டால் மெல்ல நடந்து போகலாம். மீறினால் அன்றைக்குக் கடைசி வாய்! அதாவது, எல்லோரும் குடித்துவிட்டுப் போன பிறகுதான் மடுவில் வாய் வைக்கலாம். யானை இறங்கி, எருமை கலக்கி, பன்றி புரண்டு எழுந்த மடுவில் கடைசியாக மிஞ்சுவது தண்ணீரா சேறா என்று சொல்வது கஷ்டம்.

சட்டத்தைக் காக்க மஞ்சக்காலி என்ற ஆட்காட்டிப் பறவையை நியமித்தார்கள். ரொம்பப் பொருத்தமான ஆள். ஒரு புல் அசைந்தாலே ஊரைக் கூட்டுகிற தொண்டை அவளுக்கு. வளைவுக்கு மேலே ஒரு கல்லில் குச்சிக்கால்களை ஊன்றி நிற்பாள். யாராவது ஓடி வந்தால் போதும், காடு முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். அவள் காட்டிக் கொடுத்த ஆளை அன்றைக்கு யாரும் மடுப்பக்கம் விடமாட்டார்கள்.

அப்படி மாட்டியவர்களில் ஒருவன் முசுண்டன். அவன் ஒரு காட்டுப்பன்றி. மெல்ல நடப்பது என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

"ஏய், நில்லு! குரல் கொடுத்தியா?" என்று கத்தினாள் மஞ்சக்காலி.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று முறைத்தான் முசுண்டன். "யானைத் தலைவிக்கு வேண்டப்பட்டவன்! அவங்க ஒடிச்சுப் போடுற கிளையிலதான் நான் தினமும் காய் பொறுக்கித் திங்கிறேன்!"

"அப்படியா? தலைவி நேத்து குரல் கொடுக்க மறந்துட்டாங்க. கடைசியாத்தான் குடிச்சாங்க. வேண்டப்பட்டவர்னா இன்னைக்கு நீயும் அப்படியே குடி!"

அன்று சாயங்காலம் முசுண்டன் சேற்றை உறிஞ்சிக்கொண்டிருந்ததை இலுப்பை மரத்திலிருந்து பார்த்தான் சடையன். ஐயோ பாவம் என்றிருந்தது. சடையனுக்கு இளகின மனசு. யோசிக்கிற மனசுதான் கொஞ்சம் குறைவு.

மறுநாள் முசுண்டனைக் கூப்பிட்டான்.

"மாப்ளே, கவலையை விடு. மஞ்சக்காலி எந்நேரமும் அந்தக் கல்லுல நிக்கிறதில்லை. பாறைக்குப் பின்னால சரளைக்கல்லுல முட்டை போட்டிருக்கா. வெயில் ஏறினா மடுவுக்குப் போய் அடிவயித்தை நனைச்சுக்கிட்டு வந்து, முட்டை மேல உக்காந்து குளிர வைக்கிறா. அந்த நேரம் கல்லு காலி!"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எதுக்கு இருக்கேன்? என் வாலைப் பாரு. வால் தொங்கினா அவ இருக்கா, மெதுவாப் போ. வால் தூக்கினா அவ இல்லை, பறந்துடு!"

"நீதான்டா நண்பன்!" என்று உறுமினான் முசுண்டன்.

விஷயம் காட்டில் பரவிவிட்டது. மான் கூட்டம் வந்தது, நரி வந்தது, முள்ளம்பன்றிகூட வந்தது. எல்லோரும் இலுப்பை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். வால் தொங்கினால் பசுவைப் போல நின்று, குரல் கொடுத்து, மஞ்சக்காலிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு நடப்பார்கள். வால் தூக்கினால் தூசி பறக்கும்!

"சடையன் மாதிரி ஒருத்தன் உண்டா?" என்றது நரி.

"தங்கமான மனசு!" என்றது மான்.

சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. நாளெல்லாம் கண்ணிமைக்காமல் மஞ்சக்காலியின் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் தலை திருப்பினால் தெரியும், சிறகு கோதினால் தெரியும், எழும்பினால் அடுத்த கணமே வால் மேலே போய்விடும். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் வளைவின் இரண்டு பக்கமும் பாதை நன்றாகவே தெரியும். ஆனால் பாதையை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. பாதையைப் பார்க்கச் சொல்லி யாரும் அவனைக் கேட்டதுமில்லை.

அவன் மனைவி அல்லிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. புதிதாகக் குட்டி ஈன்றவள் அவள். குட்டிக்கு மொட்டு என்று பெயர். எந்நேரமும் அம்மாவின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டே திரியும்.

"எதுக்குங்க உங்களுக்கு இந்த வேலை?" என்றாள் அல்லி. "நானும் குட்டியைக் கட்டிக்கிட்டு அந்த வழியாத்தானே தண்ணிக்குப் போறேன்?"

"நீ ஒழுங்கா நின்னு, குரல் கொடுத்துத்தானே போறே? உனக்கு என்ன பயம்?" என்று சிரித்தான் சடையன். "பாவம், தாகத்துல தவிக்கிறவங்க. நல்லதுதானே செய்றேன்!"

மொட்டு அப்பாவின் வாலைப் பிடித்து இழுத்து விளையாடியது.

ஒருநாள் வெயில் உச்சியில் நின்று சுட்டது. பாறையில் கால் வைக்க முடியவில்லை. மஞ்சக்காலி கல்லில் நின்றபடி முட்டைகள் இருந்த திசையைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள், மறுபடி முட்டைகளின் பக்கம் பார்த்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் மடுவை நோக்கிப் பறந்தாள்.

சடையன் வால் தூக்கினான்.

மேலே காத்திருந்த முசுண்டன் கண்ணில் வால் பட்டது. அவ்வளவுதான்! தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிட்டான். சரளை தெறித்தது.

அதே நேரம் வளைவுக்குக் கீழே அல்லி வந்து நின்றாள். தண்ணீர் குடித்துவிட்டு ஏறி வருகிறாள். வயிற்றில் மொட்டு. அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி யானைத் தலைவியும் வந்துகொண்டிருந்தார். அல்லி சட்டப்படி நின்றாள். சட்டப்படி குரல் கொடுத்தாள். எதிர்க்குரல் வரவில்லை. முசுண்டனுக்கோ தன் குளம்புச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. அல்லி மெல்ல ஓர் எட்டு வைத்து வளைவில் திரும்பினாள்.

அந்தக் குரல் சடையன் காதில் விழுந்தது! பழகின குரல். அப்போதுதான், வால் தூக்க ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவன் பாதையைப் பார்த்தான். இந்தப் பக்கம் முசுண்டன். அந்தப் பக்கம் அல்லி.

"நில்லு! முசுண்டா, நில்லு!" என்று அலறினான். வாலைக் கீழே போட்டான். ஓடுகிறவன் அண்ணாந்து பார்ப்பானா?

மோதிய சத்தம் பாறையில் எதிரொலித்தது. அல்லி பாறைச் சுவரில் போய் விழுந்தாள். முசுண்டன் சறுக்கிக்கொண்டே போய் ஒரு கல்லில் முட்ட, அவனுடைய தந்தம் ஒன்று ஒடிந்து தெறித்தது. மொட்டு? மொட்டு அம்மா வயிற்றில் இல்லை. பாதையில் இல்லை. பள்ளத்துப் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பள்ளத்தின் விளிம்புக்குக் கீழே ஒரு காரைச்செடி முளைத்திருந்தது. அதன் முள்ளில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது குட்டி. செடி வேரோடு அசைந்தது.

சடையன் மரத்திலிருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினான். அப்போதும் எட்டவில்லை. "யாராவது வாங்களேன்! என் குட்டி! என் குட்டி!" என்று கதறினான்.

"நகரு" என்றது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல். யானைத் தலைவி! கடைசி வாயாகச் சேறு குடித்த நாளுக்குப் பிறகு அவர் ஒருநாளும் வளைவில் அவசரப்படுவதில்லை. அன்றைக்கும் நிதானமாக ஏறி வந்ததால்தான் மோதலில் சிக்காமல் அருகில் இருந்தார். தும்பிக்கையை இறக்கி, முள்ளுக்கு நோகாமல் எடுப்பதைப் போல, குட்டியை மெல்லத் தூக்கிப் பாதையில் வைத்தார். அதற்குள் செடி பெயர்ந்து பள்ளத்தில் விழுந்தது.

மொட்டுக்கு உடம்பெல்லாம் கீறல். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அல்லிக்குத்தான் வலது கை முறிந்துவிட்டது. இனி கிளைக்குக் கிளை தாவ அவளுக்கு நெடுநாள் ஆகும்.

மஞ்சக்காலி கத்திய கத்தலில் காடே கூடிவிட்டது.

"நான் என்ன பண்ணுவேன்?" என்று ஒடிந்த தந்தத்தோடு முனகினான் முசுண்டன். "சடையன்தான் வாலைத் தூக்கினான்! அவன் தூக்கலைன்னா நான் ஓடியிருப்பேனா?"

எல்லோரும் சடையனைப் பார்த்தார்கள். அல்லியும் பார்த்தாள்.

"நான் நின்னேனே" என்றாள். "குரலும் கொடுத்தேனே. நீங்க மேலேயிருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"உன்னை நான் பார்க்கவே இல்லை, அல்லி. ஆட்காட்டியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றான் சடையன்.

அதைச் சொல்லும்போது அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தங்கமான மனசு என்று சொன்ன மான் தலையைக் குனிந்துகொண்டது. நரி மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நழுவப் பார்த்தது. தலைவி தும்பிக்கையைக் குறுக்கே நீட்டி அதை நிறுத்தினார்.

"ஓடினவனுக்குக் கடைசி வாய். மழை வர்ற வரைக்கும்!" என்றாள் மஞ்சக்காலி. "வால் தூக்கினவனுக்கும் அதேதான். வாலைப் பார்த்து ஓடினவங்க எல்லாரும் இன்னைக்கு அவங்க பின்னால நில்லுங்க. யாருக்காவது யாராவது வேண்டப்பட்டவங்களா இருந்தா இப்பவே சொல்லிடுங்க!"

முசுண்டன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"நானும் என் முட்டையை நினைச்சுக் கல்லை விட்டுட்டுப் போனேன்" என்றாள் அவள், குரலைத் தணித்து. "நான் ஒருத்தி எத்தனை நேரம் நிப்பேன்? நான் இருந்தாத்தான் நிப்பீங்கன்னா, இந்த வளைவுல இன்னும் எத்தனையோ குட்டி விழும்."

"நான் மரத்தை விட்டே இறங்கிடுறேன்" என்றான் சடையன்.

"யார் உன்னை இறங்கச் சொன்னது? இந்தக் காட்டுலேயே நல்ல கண்ணு உனக்குத்தான். ஏறி உக்காரு. இனிமே என்னைப் பார்க்காதே. பாதையைப் பாரு!"

சடையன் மறுபடி இலுப்பை மரத்தில் ஏறினான். அன்றிலிருந்து அவன் வால் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. காலையிலும் தொங்கியது, வெயிலிலும் தொங்கியது. இறங்குகிறவர்களுக்கு ஏறுகிறவர்களைப் பற்றிச் சொன்னான். ஏறுகிறவர்களுக்கு இறங்குகிறவர்களைப் பற்றிச் சொன்னான். சாயங்காலம் முசுண்டனுக்குப் பக்கத்தில் நின்று சேற்றுத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்தான்.

ஒருநாள் உச்சி வெயிலில் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு காட்டெருமை வந்தது. வால் சங்கதி அதன் காதிலும் எப்படியோ விழுந்திருந்தது. கல்லைப் பார்த்தது. கல் காலி. அண்ணாந்து பார்த்தது. வால் தொங்கியது.

"என்னப்பா, ஆட்காட்டிதான் இல்லையே! வாலைத் தூக்கேன். தாகம் உயிர் போகுது!"

"அவ இல்லைதான்" என்றான் சடையன்.

"அப்புறம் என்ன?"

"வளைவு இருக்குதே!"

காட்டெருமை வளைவுக்கு முன்னால் போய் நின்று, அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. மறுபக்கமிருந்து சின்னதாக ஒரு எதிர்க்குரல் வந்தது. காட்டெருமை பாறையோடு ஒட்டி ஒதுங்கி வழிவிட்டது. முறிந்த கையை மார்போடு அணைத்தபடி அல்லி ஏறி வந்தாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மொட்டு எட்டிப் பார்த்தது.

பாறைக்குப் பின்னால் சரளைக்கல்லில், ஈர வயிற்றோடு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த மஞ்சக்காலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கத்தவே இல்லை.

வழியில் காவலர் நிற்கிறாரா என்று பார்க்காதே, எதிரே ஓர் உயிர் வருகிறதா என்று பார்.