இந்தக் கொழம்பு யாரு கை?

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடமாம். அதுக்கு எதுத்தாப்புல ஒரு புளியமரமாம். அந்த மரத்துல... ம் கொட்டுடீ, கொட்டினாத்தான் சொல்லுவேன். ம்? ஆங், அப்படி. அந்த மரத்துல ஒரு பேய் இருந்துச்சாம். ராத்திரி வர்ற பேய் இல்ல. ராத்திரி பூரா அது கொர்ர்ர்னு குறட்டை விட்டுத் தூங்கிரும். உச்சி வெயில்ல, நம்ம நிழல் நம்ம காலுக்கடியில ஒளிஞ்சுக்கும் பாரு, அப்பத்தான் அது எந்திரிக்கும்.

அதுக்கு ரத்தம் வேண்டாம், கோழி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சமைக்கிற கைதான் வேணும். நல்ல வாசனை வந்தா பின்னாலயே வந்து, "சமைச்ச கை யாரு கை?"ன்னு கேக்கும். பேரைச் சொல்லிட்டோமோ, போச்சு. அந்த வீட்டுக்குப் போயி மணிக்கட்டோட கழட்டிக்கிட்டுப் போயிரும். பேரு தெரியலைன்னா அதால ஒண்ணும் செய்ய முடியாது. அதனால அந்த ஊர்ல மீனு, கறின்னு எதை வெளிய எடுத்துட்டுப் போனாலும், மேல ஒரு துண்டு அடுப்புக்கரி வச்சுத்தான் குடுத்தனுப்புவாங்க. கரி இருந்தா வாசனை அதுக்கு எட்டாது.

அந்தப் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ்ல கோமுன்னு ஒரு பொண்ணு. அவ அம்மா பேரு... கிட்ட வா, காதுல சொல்றேன். ஆவுடை. சத்தமாச் சொல்லிராதே. அவ மீன் கொழம்பு வச்சான்னா தெருவுல போறவன் நின்னு மோந்து பாத்துட்டுத்தான் போவான்.

அப்போ புதுசா ஒரு டீச்சர் வந்தாங்க. ரூபவதி டீச்சர், வெளியூர்க்காரங்க. "பிள்ளைகளா, ஆண்டு விழாவுக்கு உங்க அப்பா அம்மாவுக்கு நாம ஒரு பரிசு குடுக்கப் போறோம். சமையல் புத்தகம்! ஆளுக்கு ஒண்ணு எழுதணும், படம் வரையணும். வீட்டுல செய்யுறதுல கொஞ்சம் கொண்டு வாங்க, ருசி பாத்துட்டுச் சேத்துக்கலாம். ஆனா வீட்டுல மூச்சு விடக் கூடாது!"ன்னாங்க. பாவம், டீச்சருக்குக் கரி விஷயம் யாரு சொன்னா?

இசக்கி காலையிலயே, பேய் தூங்குற நேரத்துல, பணியாரம் கொண்டாந்தான். செல்லத்தாயியும் அப்படித்தான் புட்டு கொண்டாந்தா. அப்புறம் கோமுவோட முறை வந்துச்சு. மத்தியான மணி அடிச்சதும் வீட்டுக்கு ஓடினா. அம்மா வாய்க்காலுக்குத் துவைக்கப் போயிருந்தா. சட்டியில கொழம்பு ஆறிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு கரண்டி எடுத்துத் தூக்குவாளியில ஊத்தி, மூடி, கிளம்பிட்டா. கள்ளத்தனமா எடுத்துட்டுப் போறவளுக்குக் கரி ஞாபகம் எங்க வரும்?

வாய்க்கால் மதகு தாண்டினா. பின்னால சருகு சத்தம். சர்ர்... சர்ர்... நின்னா, அதுவும் நின்னுச்சு. நடந்தா, அதுவும் நடந்துச்சு. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. காத்து கூட இல்ல. சருகு மட்டும் சுத்திக்கிட்டு நிக்குது.

"கோமூ... தூக்குல என்ன?"

அவ விறுவிறுன்னு நடந்தா.

"கோமூ... எனக்குக் கொஞ்சம் ஊத்து."

அவ ஓடினா. தூக்கு தளக் புளக்குன்னு தளும்புது. சிந்தின சொட்டையெல்லாம் பின்னால எதோ சர்ர்ப் சர்ர்ப்புனு உறிஞ்சுது.

பள்ளிக்கூட வாசல்ல அது வழியை மறிச்சுக்கிச்சு. காதுக்குப் பக்கத்துல மூச்சு, சுடச் சுட. "சமைச்ச கை யாரு கை? பேரைச் சொல்லு."

அம்மாங்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சின்னப் பிள்ளை, பயந்தா அம்மான்னுதானே கத்தும்? கடிச்சு முழுங்கிட்டு, "எ... என் கை"ன்னுட்டா.

கிக்கிக்கின்னு சிரிச்சுது பேய். "இந்தப் பிஞ்சுக் கையா? நாளைக்கு உச்சி நேரத்துல இங்கயே சமைச்சுக் காட்டு. பொய்யின்னா, கொழம்பு சிந்தின தடத்தை மோந்துக்கிட்டே உன் வீட்டுக்கு வருவேன். அங்க யாராவது சமைச்சவ பேரைச் சொல்லிக் கூப்பிடாமயா இருப்பாங்க?"

ம்? ஏன் போர்வைக்குள்ள போறே? மூக்கை வெளிய வை, மூச்சு முட்டும்.

அன்னிக்கு சாயங்காலம் கோமு அடுப்படியை விட்டு நகரல. அம்மா கை புளி கரைக்குது, தேங்காய் அரைக்குது, உப்பு அள்ளுது. கோமு அந்தக் கையையே பாக்குறா. சுண்டுவிரல்ல ஒரு சூட்டுத் தழும்பு. மஞ்சப் பூத்த நகம். நாளைக்கு இந்தக் கை இருக்குமா?

"எம்புட்டு உப்பும்மா போடணும்?"

"அதெல்லாம் எனக்கென்னடி தெரியும்? கைக்குத்தான் தெரியும்"னு சிரிச்சா அம்மா.

மறுநாள் டீச்சர் புத்தகத்துக்கு அட்டை வாங்க டவுனுக்குப் போயிட்டாங்க. சத்துணவு ஆக்குற அக்காவும் வெள்ளனவே ஆக்கி வச்சுட்டு வீட்டுக்குப் போயாச்சு. கோமு தேம்பித் தேம்பி எல்லாத்தையும் சொன்னா. பிள்ளைகளுக்கு முகமே செத்துப் போச்சு. ரெண்டு பேரு பெஞ்சுக்கடியில போயி உக்காந்துக்கிட்டானுக. ஆனா இசக்கி ஓடிப்போயி குளத்துல கெண்டை பிடிச்சுட்டு வந்தான். சத்துணவு அடுப்புல இன்னும் கங்கு இருந்துச்சு, பக்கத்துல புளி, தேங்காயெல்லாமும் இருந்துச்சு. சட்டியை ஏத்தினாங்க.

கோமு புளியை எடுத்தா நழுவுது. "தள்ளு, நான் கரைக்கிறேன்"னு செல்லத்தாயி வந்தா. உப்பை இசக்கி போட்டான். தேங்காயை ரெண்டு பேரு அரைச்சாங்க. பெஞ்சுக்கடியில இருந்ததுகளும் மெல்ல வந்து ஆளுக்கு ரெண்டு கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுச்சுக. தளபுள தளபுளன்னு கொதிச்சுது.

அப்போ வெளிய சருகு சத்தம். சர்ர்ர்...

வாசப்படியில ஒரு வாழை இலையைப் போட்டு ஒரு கரண்டி ஊத்தினா கோமு. சர்ர்ப்! இலை துடைச்ச மாதிரி ஆயிருச்சு. "புளி பத்தல." சருகு படியேறி வந்துச்சு. இன்னும் கொஞ்சம் புளியை விட்டு, ரெண்டாவது கரண்டி. சர்ர்ப்! "உப்பு பத்தல." சருகு உள்ள வந்துருச்சு. வெந்நீர் ஆவி மாதிரி சூடு எல்லாரு முகத்துலயும் அடிக்குது. ஒருத்தன் டவுசரை நனைச்சுட்டான். சிரிக்காதே, நீயா இருந்தா தெரியும்.

உப்புப் போட்டு மூணாவது கரண்டி ஊத்தினா. சர்ர்ர்ர்ப்... அப்புறம் இலையை நக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"இது நேத்து ருசி இல்ல. இது வேற. நேத்து கை எனக்கு வேண்டாம், இந்தக் கைதான் வேணும். யாரு கை? ஒரு பேரைச் சொல்லு!"

அம்மா தப்பிச்சா. இப்போ இவ மாட்டிக்கிட்டா. கோமு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, கையை மெல்ல நீட்டினா. விரல் நுனியில ஈரமா எதோ தொட்டுச்சு.

"புளி நான்தானே கரைச்சேன்? என் கை!" செல்லத்தாயி கத்தினா.

"உப்பு என் கை!" இது இசக்கி.

"தேங்காய் என் கை!" "கறிவேப்பிலை என் கை!" கிளாஸ் மொத்தமும் கையை நீட்டிருச்சு. பேய் இந்தக் கையைத் தொடுது, அந்தக் கையைத் தொடுது. "ஒரு பேரு! ஒரே ஒரு பேரு!"ன்னு அலறுது. இவங்க கோமு, இசக்கி, செல்லத்தாயி, பேச்சிமுத்து, சங்கரின்னு எல்லாப் பேரையும் ஒண்ணாக் கத்துறாங்க. அதுக்கு எந்தப் பேரு எந்தக் கைன்னு புரியல. ஊஊஊன்னு ஊளையிட்டுச்சு. சருகெல்லாம் மேல கிளம்பி, ஓட்டுல தடதடன்னு அடிச்சு, புளியமரத்துக்குள்ள போயி விழுந்துச்சு. ம்?

அப்புறம் புத்தகம் தயாராச்சு. "சமையலுக்குக் கீழ அவங்கவங்க பேரை எழுதுங்க"ன்னாங்க டீச்சர். ஒரு பிள்ளையும் எழுதல. கெஞ்சிப் பாத்தாங்க, மிரட்டிப் பாத்தாங்க. ம்ஹூம்.

ஆண்டு விழா வந்துச்சு. உச்சி வெயில், புளியமரத்தை ஒட்டித்தான் பந்தல். அப்பா அம்மா எல்லாரும் புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்துச் சிரிக்கிறாங்க. கோமு மட்டும் மரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அவ அம்மா ஒவ்வொரு பக்கமாப் புரட்டிக்கிட்டு வந்தவ, மீன் கொழம்புல நின்னுட்டா. முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு, அந்தப் பூரிப்புல பேய் ஞாபகமே வரல அவளுக்கு. பந்தலுக்கே கேக்குற மாதிரி, கையைத் தூக்கி, "அட, இது என் கொழம்புல்ல! இந்த ஊர்ல இப்படி வைக்கிறது ஒரே கைதான். இந்த ஆவு..."

பொத்துன்னு அம்மா வாயைப் பொத்திட்டா கோமு.

மரத்துல சர்ர்ர்னு ஒரு சத்தம். ஒரு கிளை பந்தல் வரைக்கும் தாழ்ந்து வந்து, அப்படியே நின்னுச்சு. கேட்டுக்கிட்டே இருந்துச்சு அது. கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் மெல்ல... மெல்ல... மேல போயிருச்சு.

"என்னடி இது, எல்லாரு முன்னாலயும்?"ன்னு அம்மா திட்டினா. கோமு பொத்துன கையை எடுத்து, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா. வீட்டுக்கு வர்ற வழியில விடல. சோறு உருட்டிக் குடுக்கையில விடல. "விடுடி, சோறு ஆறுது, இந்தக் கையால எப்படி ஊட்டுவேன்?"னா அம்மா. "இன்னொரு கையால ஊட்டும்மா"ன்னா அவ.

அவ்வளவுதான். கதை போயிப் படுத்துக்கிச்சு, நீயும் கண்ணை மூடு. என்னடீ இது, என் கையைப் போயி இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே? சரி சரி, விட வேண்டாம். பிடிச்சுக்கிட்டே தூங்கு.