மூன்று ஓடக்காரர்கள் படிப்படியாக ஓய்வெடுத்தது

நாணல்துறையில் ஓடம் ஓட்டிய சடையாண்டி, மூக்கன், வெள்ளையப்பன் மூவருக்கும் ஒரே வருஷத்தில் அறுபது வயசு முடிந்தது. ஊர்த்தலைவர் மாசிலாமணி இரக்கமுள்ளவர். மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"நாற்பது வருஷம் உழைச்ச உடம்பு. சட்டுன்னு நிறுத்தினா தாங்காது. இந்த மாசம் முக்கால் வேலை பாருங்க. அடுத்த மாசம் பாதி. அப்புறம் கால். பிறகு முழு ஓய்வு."

மறுநாளே ஓடம் ஆற்றில் முக்கால் தூரம் போய் நின்றுவிட்டது. ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். அப்பளம் விற்கப் போன செல்லத்தாயி தடுக்கி விழுந்தாள். கரையேறியபோது கூடையில் மாவுதான் இருந்தது. அவள் முறையிட்டாள். மகன் கல்யாண மும்முரத்தில் இருந்த தலைவர், "வயசானவங்க, அனுசரிச்சுப் போம்மா" என்றார்.

அடுத்த மாசம் அந்தக் கல்யாணம். பெண் வீடு அக்கரையில். தலைவரும் மாப்பிள்ளையும் ஓடத்தில் ஏறினார்கள். நடு ஆற்றில் துடுப்புகள் நின்றன.

"இறங்குங்க ஐயா, பாதி ஆச்சு" என்றான் மூக்கன்.

"ஏப்பா, இங்கே ஆள் முழுகுற ஆழம்."

"நீங்க பாதி வேலைன்னுதான் சொன்னீங்க ஐயா. ஆழத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீரைப் பார்த்துவிட்டு அவிழ்த்து விட்டுக்கொண்டார்.

"சரி, கரைக்கே திரும்புங்க. வேற ஓடம் பார்க்கிறோம்" என்றார் தலைவர்.

மூவரும் கலந்து பேசினார்கள்.

"திரும்புறதும் வேலைதானே?" என்றான் சடையாண்டி.

"வேலைதான்" என்றான் வெள்ளையப்பன்.

"அப்போ அதிலும் பாதி."

பாதி வழி திரும்பி, ஓடம் மறுபடி நின்றது. அக்கரையிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த நிமிஷத்திலேர்ந்து உங்களுக்கு முழு ஓய்வு. துடுப்பைக் கொடுங்க."

அப்பாவும் மகனும் துடுப்புப் போட்டார்கள். மூவரும் சாய்ந்து படுத்து வேடிக்கை பார்த்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். தாலிமுடிச்சுப் போட விரல் மடங்கவில்லை.

இறங்குவதும் வேலை என்று ஓடத்திலேயே கிடந்தவர்களை நாலு பேர் தூக்கி வந்து பந்தியில் உட்கார வைத்தார்கள். இலை போட்டதும் மூக்கனுக்குச் சந்தேகம் வந்தது.

"சாப்பிடுறது வேலையா, ஓய்வா?"

வெள்ளையப்பன் நெடுநேரம் யோசித்தான். "மெல்லுறது வேலை. விழுங்குறது ஓய்வு."

ஆகவே மூவரும் வாயைத் திறந்து வைத்துக்கொள்ள, பரிமாறுகிறவர்கள் பாயசமாக ஊற்றினார்கள். அண்டா காலியாயிற்று. வாயில் வந்த முந்திரியை மட்டும் மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்கள்.

பந்தி முடிந்தபோது மூவர் கன்னமும் உப்பியிருந்தது. பெண் வீட்டு வைத்தியர் பதறிப்போய், "பல்வலியா?" என்று கேட்டார். வாய் நிறைய முந்திரியோடு பதில் சொல்வது வேலை. மூவரும் பேசாமல் இருந்தார்கள்.

வைத்தியர் குறடு எடுத்துவந்து ஆளுக்கொரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். கத்துவது அதைவிடப் பெரிய வேலையாயிற்றே; அதையும் ஒருவரும் செய்யவில்லை.