வாகைக்குடி கேட்

இசக்கியப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. அவருடைய குரு வடிவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. மகள் வயசுப் பொம்பளையிடம் போய் உபதேசம் கேட்கிறார் என்று மஞ்சம்புதூர் டீக்கடையில் சிரிப்பார்கள். அதையெல்லாம் இசக்கியப்பன் காதில் போட்டுக்கொள்வதில்லை. போட்டுக்கொண்டு கொதிக்க அவருக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

அன்று காலை, கயிற்று ஆலைக்குப் பின்னாலிருந்த வடிவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, கண்ணை மூடி உக்காந்தா மனசு அடங்கும்னு சொன்னீங்க. எனக்கு அடங்கல. மூடினா அந்த வேலிதான் தெரியுது. வயித்தெரிச்சலா வருது. இந்தக் கோவத்தை எப்படி விடுறது?"

"ஏன் விடணும்?" என்றாள் வடிவு.

இசக்கியப்பன் ஒரு நிமிஷம் விழித்தார். குருமார்கள் இப்படிப் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை.

"எந்த வேலி?"

கேட்டதுதான் தாமதம், மனுஷன் பிடித்துக்கொண்டார்.

மஞ்சம்புதூரிலிருந்து மலையடிவாரம் வரை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. அது நின்று பதினாலு வருஷம் ஆகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின் மேடு மட்டும் சும்மா கிடந்தது. வாகைக்குடிச் சனங்கள் அதன் குறுக்கே நடந்து பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நல்லதண்ணிக் கிணற்றுக்கும் போய்வந்தார்கள். போன தை மாசம் அந்த மேட்டின்மேல் வழவழவென்று ஒரு சைக்கிள் பாதை வந்தது. ஓரமெல்லாம் அரளியும் சரக்கொன்றையும். பார்க்க அழகுதான், இல்லையென்று யார் சொன்னது? கூடவே இரண்டு பக்கமும் ஆளுயரக் கம்பிவேலியும் வந்தது. வாகைக்குடிக்காரர்கள் குறுக்கே போன இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இனி பஸ் ஏறப் பாலம் வரை போய்ச் சுற்ற வேண்டும். மூன்று கிலோமீட்டர்.

"போர்டுல என்ன எழுதியிருக்கான் தெரியுமாம்மா? 'பாதசாரிகளும் கால்நடைகளும் நுழையக்கூடாது.' மனுசனையும் மாட்டையும் ஒரே வரியில எழுதிருக்கான்!"

"வாங்க, போய்ப் பாப்போம்" என்று வடிவு தன் சைக்கிளை எடுத்தாள்.

காலை வெயில் இதமாக இருந்தது. பாதை முழுக்கக் கொன்றைப் பூ உதிர்ந்து கிடந்தது. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் வாழைத்தோட்டம், எதிரே மலை. வடிவு நிதானமாக மிதித்தாள். இசக்கியப்பன் எதையும் பார்க்கவில்லை. ஒப்பந்தக்காரரைத் திட்டினார். திறந்துவைக்க வந்த பெரிய மனுஷர்களைத் திட்டினார். அரளிச்செடியைக்கூட விடவில்லை. அவர் மிதிக்க மிதிக்க, இடுப்பில் ஏதோ கலகலவென்றது.

"என்ன சத்தம் அண்ணாச்சி?"

"சாவிம்மா. நான்தான இந்தப் பாதைக்கு வாட்ச்மேன்."

"வாகைக்குடி கேட்டுக்கும் சாவி இருக்கா?"

"ரெண்டு பூட்டுக்கும் இதான்."

"யாருக்குத் திறப்பீங்க?"

"ஆபீஸ்லருந்து போன் வந்தா, செடிக்குத் தண்ணி ஊத்துற லாரிக்குத் திறப்பேன். ரயில்வே கேட்ல வேலை பாத்தப்பவும் அப்படித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணி, உத்தரவுக்கு அடையாளமா நம்பர் மாத்திக்கிடாம நான் கேட்டைத் தொட்டதே கிடையாது. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்ல."

வடிவு அந்தச் சாவியை ஒருதரம் பார்த்துவிட்டு மிதித்தாள்.

வாகைக்குடி கேட் வந்தது. இசக்கியப்பன் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் எட்டிப் பார்த்தார். இந்த இடத்தில்தான் அவர் அந்த முப்பத்தொரு வருஷமும் கேட்கீப்பராக இருந்தார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வேலிக்கு வெளியே சண்முகக்கனி நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன் மாடசாமி, கம்பை ஊன்றி ஒற்றைக்காலில் நின்றான். லோடு ஏற்றும்போது மூட்டை விழுந்து நசுங்கிய கால். ஒருநாள் விட்டு ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். தப்பினால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிர் கேட்டைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். இங்கிருந்தே தெரிந்தது.

"சுத்திப் போகலாம்னு கிளம்பினோம் அண்ணாச்சி. இவுகளால முடியல. எட்டரைக்கு மேல போனா டோக்கன் குடுக்க மாட்டாவ."

அந்த நேரம் பார்த்து ஹெல்மெட் போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து நின்றார். செல்போனை எடுத்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? அவங்க ரெண்டு பேரும் வேலிக்குப் பின்னால நிக்கிறது, பின்னாடி மலை... ரொம்ப நல்லா இருக்கு."

இசக்கியப்பனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது.

"என்னய்யா நல்லா இருக்கு? கால் அழுகிப்போயிருமோன்னு ஒரு மனுசன் நிக்கான், உமக்குப் படமா? ஓடும்யா!"

ஹெல்மெட்காரர் ஓடிவிட்டார். இசக்கியப்பனுக்கு ஆறவில்லை.

"நானும் கேட்டை மூடினவன்தாம்மா. வண்டிக்கு மூடுவேன். கடைசிப் பெட்டி தாண்டினதும் முதல் வேலையாத் திறந்துவிடுவேன். ஒருத்தரை ஒரு நிமிஷம் வீணா நிறுத்தினதில்ல. இவனுவ மூடினது மூடினதுதான்! கேக்க நாதியில்ல!"

"அண்ணாச்சி ஒருத்தராவது எங்களுக்காகப் பேசுதாவளே" என்றாள் சண்முகக்கனி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

வடிவு சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டாள். கேட்டுக்கு எதிரே, பாதையின் நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

இசக்கியப்பன் பதறினார்.

"என்னம்மா இது? எந்திரிங்க. சைக்கிள் வேகமா வரும்."

"கேட் மூடியிருக்கே. காத்திருக்கேன்."

"எதுக்கு?"

"வண்டி போகட்டும்னு."

"எந்த வண்டி? கடைசி வண்டி போயே பதினாலு வருஷம் ஆச்சும்மா. நான்தான கொடி காட்டினேன்!"

வடிவு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் ஏன் அண்ணாச்சி இன்னும் திறக்கல?"