ஏழாவது ஸ்வெட்டர்

"எல்லாம் ஒரே நிறம்தான், ஜெசிந்தா. ஆனா சேரலை" என்றார் மங்களேசுவரி.

மேசைமேல் ஏழு ஸ்வெட்டர்கள் கிடந்தன. ஏழும் மயில்கழுத்து நிறம். ஆறு ஒரு மயில், ஏழாவது வேறு மயில்.

மங்களேசுவரி கோத்தகிரியில் இருபத்திரண்டு வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்தவர். ஜெசிந்தா அவரிடம் படித்தவள். இப்போது கடைவீதியில் உல்லன் கடை வைத்து, மாடியில் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுக்கிறாள்.

வகுப்பில் எல்லோரும் அவளை டீச்சர் என்பார்கள். மங்களேசுவரிக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. ஊரே தன்னை அழைத்த பெயரைத் தன்னிடம் படித்தவளுக்குத் தூக்கிக் கொடுப்பது லேசா?

"கடைசி ஒண்ணு புது லாட் நூல்" என்றாள் ஜெசிந்தா, தொட்டுக்கூடப் பார்க்காமல். "சாயம் தடவைக்குத் தடவை மாறும். மொத்த நூலையும் ஒரே நேரத்துல வாங்கிடணும்னு முதல் நாளே சொன்னேனே."

"சொன்னே."

"முதல்ல எத்தனை பேருக்கு வாங்குனீங்க?"

மங்களேசுவரி ஜன்னலைப் பார்த்தார்.

"ஆறு பேருக்கு."

"ஏழாவது யாருக்கு?"

"சின்ன மருமகளுக்கு."

சின்ன மகன் இரண்டு வருஷத்துக்கு முன் திருவாரூர்ப் பெண் சுடரை, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அதோடு பேச்சு நின்றது. இப்போது பெரிய மகன் வழிப் பேத்திக்குக் காதுகுத்து. குடும்பமே ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்டுக் கோயிலில் நிற்க வேண்டும் என்று மங்களேசுவரிக்கு ஆசை. மகனுக்கும் சேர்த்துத்தான் நூல் வாங்கினார். பெற்ற மனம் அல்லவா. மருமகளை எண்ணவில்லை.

"வந்தா ரெண்டு பேரும் வருவோம்" என்றான் மகன், போனில் அழைத்தபோது. சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, அவருக்கே ஆச்சரியமாக, அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"பார்த்ததும் கண்டுபிடிச்சுடுவா" என்றார் ஜெசிந்தாவிடம். "முதல்ல நம்மளை நினைக்கவே இல்லை, அப்புறம் போனாப் போகுதுன்னு சேர்த்திருக்காங்கன்னு. அது உண்மைதானே? இதை ஆறோட எப்படிச் சேர்க்கறது?"

"முடியாது."

"சாயத்துல முக்கினா?"

"பாழாப் போயிடும்."

"இதை நான் போட்டுக்கறேன். என்னோடதை அவளுக்குக் குடுத்துடறேன்."

"அப்ப நீங்க தனியா நிப்பீங்க. ஏன்னு அவ கேட்பா."

மங்களேசுவரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா ஏழாவதையும் ஆறில் ஒன்றையும் ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தாள்.

"ஸ்கூல் கேட்ல இப்படித்தானே பார்ப்பீங்க?"

ஆமாம், இப்படித்தான். டிசம்பர் வந்தால் மங்களேசுவரி வாசலில் நின்று பிள்ளைகளின் ஒவ்வொரு யூனிஃபார்ம் ஸ்வெட்டரையும் வெளிச்சத்தில் பார்ப்பார். நீலம் கொஞ்சம் மாறியிருந்தாலும் அந்தப் பிள்ளை பிரேயர் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். ஒரு பெண் நின்றாள். மிச்ச நூலில் அம்மா பின்னிக் கொடுத்ததாம்.

"அது நீயா?"

"மூணு நாள்" என்றாள் ஜெசிந்தா. குரலில் கோபம் இல்லை. அதுதான் மங்களேசுவரிக்குத் தாங்கவில்லை.

ஜெசிந்தா கத்தரிக்கோலை எடுத்தாள்.

ஆறில் மங்களேசுவரியின் ஸ்வெட்டரைத் தேடி எடுத்தாள். இடுப்பு பார்டருக்கு ஒரு வரி மேலே, ஒரே ஒரு இழையை நறுக்கினாள்.

"என்ன பண்றே நீ? ஒரு மாச வேலை!"

ஜெசிந்தா இழையை இழுத்தாள். பார்டர் முழுசாகக் கழன்று கையோடு வந்தது. அதைப் பிரித்து உருட்டி மேசையின் இடப்பக்கம் வைத்தாள். கத்தரிக்கோலை மங்களேசுவரியின் கையில் திணித்தாள்.

"இன்னும் அஞ்சு இருக்கு. கழுத்து, கைப்பட்டை எல்லாத்தையும் எடுங்க."

பிறகு ஏழாவதைக் கையிலெடுத்து, கழுத்திலிருந்து அடிவரை மொத்தமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். அந்த நூலை வலப்பக்கம் உருட்டினாள்.

மங்களேசுவரி இடப்பக்கம் பார்த்தார். ஆறு பேரின் பார்டரும் சேர்ந்தால் ஒல்லியான ஒரு பெண்ணுக்கு உடம்பும் கையும் பின்னிவிடலாம். வலப்பக்கம் பார்த்தார். அதில் ஏழு பேருக்கும் பார்டர் போடலாம்.

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"மறுபடியும் ஆரம்பிக்கணுமா, டீச்சர்?" என்றார். அந்த வார்த்தை தானாக வந்தது.

"ஊசியை எடுங்க" என்றாள் ஜெசிந்தா.

பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தது. இட்லிப் பானை ஆவியில் காட்டி நிமிர்த்தினார்கள். வகுப்புப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். பத்து நாளில் ஏழும் தயார். உடம்பு ஒரு மயில், பார்டர் வேறு மயில். இந்த டிசைன் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்காதவர் இல்லை.

காதுகுத்தன்று காலை பஸ்ஸைவிட்டு இறங்கிய சுடர் மெல்லிய காட்டன் சேலையில் நடுங்கிக்கொண்டு வந்தாள். கட்டிலில் ஏழு ஸ்வெட்டர்கள் வரிசையாக விரிந்து கிடந்தன. நேரே அதனருகில் போய் நின்றாள். பெரிய மருமகளுக்கும் அவளுக்கும் ஒரே அளவு.

அந்த இரண்டு ஸ்வெட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அத்தை, இதுல எது என்னோடது?"

மங்களேசுவரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டையும் ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு, அத்தனை வருஷம் டீச்சராக இருந்து ஒருநாளும் சொல்லாத ஒன்றை, மனசு நிறையச் சொன்னார்.

"தெரியலையேம்மா."