எட்டு நிறம் தெரிந்த முனையம்

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருப்பவை எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. மனிதர் காதில்தான் விழாது. அப்போது ஓர் அணைக்கட்டு அலுவலகத்தில் ஒரு முனையம் இருந்தது. முனையம் என்றால், கணினியோடு எழுத்தாலேயே பேச உதவும் கறுப்புச் சாளரம். அதற்குத் தெரிந்தவை எட்டே நிறங்கள். பக்கத்து முனையங்களோ இருநூற்று ஐம்பத்தாறு நிறம் காட்டி மினுக்கின. பாவம், இதை வெட்கம் பிடுங்கித் தின்றது.

நீர்மட்டம் பார்க்கும் நிரல் (புரோகிராம்) ஒன்று புதிதாக வேலைக்கு வந்தது. "அண்ணே, உங்களுக்கு எத்தனை நிறம் வரும்?" என்று கேட்டது.

"இருநூத்தி அம்பத்தாறு," என்றது முனையம், வாய் கூசாமல். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது. நிரலும் நம்பிவிட்டது.

ஒரு மதியம் மலையில் மழை கொட்டியது. இன்னும் பத்து நிமிடத்தில் மதகு தானாகத் திறந்துவிடும். கீழே ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்த நான்கு குடும்பங்கள் பாத்தியில் குனிந்திருந்தன. நிரல் எச்சரிக்கையை ஆரஞ்சு நிறத்தில் எழுதி நீட்டியது. தெரியாத நிறமெல்லாம் முனையத்தின் கையில் கறுப்பாகிவிடும். கறுப்பின் மேல் கறுப்பு! கண்காணிப்பாளர் அம்சவேணி திரையைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று டிபன் பாக்ஸைத் திறந்தார்.

முனையம் பதறியது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர்கள் போகும்.

"தம்பி, நான் சொன்னது பொய்! எனக்கு எட்டுதான் வரும். சீக்கிரம் மாத்தி எழுதுப்பா!"

நிரல் கோபித்துக்கொள்ளவே இல்லை. "அந்த எட்டுல சிவப்பு இருக்குல்லண்ணே? அது போதும்," என்று உடனே சிவப்பில் எழுதியது.

அம்சவேணி சோற்றுக் கையோடு ஓடி அபாயச் சங்கை ஒலிக்கவிட்டார். வெள்ளரிக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். பின்னாலேயே வெள்ளம் வந்தது.

முனையம் நிரலை நன்றியோடு பார்த்தது. குத்திக்காட்ட ஒரு சொல் போதும், நிரல் அதைச் சொல்லவில்லையே!

திரும்பி வந்த அம்சவேணி, சிவப்பு வரிக்கு மேலே ஒரு வரி வெறுமையாக இருப்பதைக் கண்டார். சுட்டியால் அதன்மேல் இழுத்தார். மறைந்திருந்த எழுத்துகள் தெரிந்தன. அவருக்கு விஷயம் புரிந்தது. முனையத்தின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'நிறங்கள்: எட்டு' என்று எழுதினார்.

"எட்டே போதும் சாமி. நாலு குடும்பத்தைக் காப்பாத்துன, நல்லா இரு," என்று திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று முதல்தான் முனையங்கள் திறந்ததுமே தங்களுக்குத் தெரிந்த நிறங்கள் எத்தனை என்று கூசாமல் சொல்லிவிடுகின்றன; எதுவும் சொல்லாத முனையத்தில் நல்ல நிரல்கள் நிறமே இல்லாமல் எழுதுகின்றன, செய்தி போய்ச் சேர வேண்டுமே என்று.