ஒற்றைத் தையல்

லேசர் சிகிச்சை கற்றுக்கொள்ளப் போனபோது அருணகிரிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கோவில்பட்டியில் பாதி ஊருக்குப் பல் பிடுங்கியவர். குருவாக வாய்த்த பெர்பெத்துவா வயதில் அவருக்கு ரொம்பவும் இளைய பெண். தூத்துக்குடியில், உப்பு லாரிகள் போகும் சாலையில் அவருடைய சின்ன மருத்துவமனை. வியாழக்கிழமைதோறும் அருணகிரி பஸ் பிடித்து வந்து, அவருக்குப் பின்னால் கைகட்டி நின்று பார்ப்பார்.

அன்றைக்கு நாற்காலியில் பலவேசம் சாய்ந்திருந்தார். லாரி டிரைவர். இடது கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்கும் இடத்தில், வெள்ளையாகத் தடித்த படை.

“கத்தி கித்தி கெடையாதுல்லா டாக்டரம்மா? லைட்டு அடிச்சே எடுத்துருவீயன்னு சொன்னாவ.”

“கத்தி இல்ல அண்ணாச்சி. மரத்துப்போக ஒரு ஊசி மட்டும்.”

“ஊசியா? அதுக்குக் கத்தியே தேவல” என்றவர், வாயைப் பெரிதாகத் திறந்தார்.

மூவரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். பெர்பெத்துவாவின் கையில் பேனா மாதிரி ஒரு கருவி. அதன் நுனி தொட்ட இடமெல்லாம் சதை விலகிக் கொடுத்தது. ரத்தம் இல்லை. மெல்லிய புகை, தீய்ந்த வாடை. படையைச் சுற்றியிருந்த நல்ல சதையோடு சேர்த்து எடுத்து, பரிசோதனைக்கான குப்பியில் போட்டார். காயம் உலர்ந்து சுத்தமாக இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அருணகிரிக்கு அது அதிசயம்தான்.

பிறகு பெர்பெத்துவா ஊசியும் நூலும் எடுத்தார். காயத்தின் ஓரத்தில் ஒரே ஒரு தையல் போட்டு முடிந்தார். கறுப்புப் பட்டு நூல். முடிச்சின் இரண்டு முனைகளையும் வேண்டுமென்றே நீளமாக விட்டதுபோல் இருந்தது.

“அடுத்த வியாழன் தையல் பிரிக்க வாங்க. பரிசோதனை முடிவும் வந்துரும்.”

பலவேசம் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அருணகிரி கதவு மூடும்வரை பொறுத்திருந்தார். “லேசர் காயத்துக்குத் தையல் வேண்டாம்னு நீங்கதானே மேடம் சொல்லிக்குடுத்தீங்க?”

“வேண்டாம்தான்.”

“அந்த நூல் அவருக்குக் குத்துமே.”

“குத்தும்.”

“பிறகு எதுக்கு?”

பெர்பெத்துவா தன் செல்போனில் ஒரு எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினார். “இவரும் லாரி டிரைவர். ரெண்டு மாசம் முன்னால இவருக்கும் இதே மாதிரிதான் எடுத்தேன். தையல் போடல. முடிவு மோசமா வந்திருக்கு. எப்படி இருக்கார்னு கேளுங்க சார்.”

போனை எடுத்தது அந்த டிரைவரின் மனைவி.

“அவுக லோடு ஏத்திக் குஜராத்துக்குப் போயிருக்காவ சார். வாயா? ஆறியே போச்சு. வலியே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாவ. உங்க ஆஸ்பத்திரிக்கு நாலு பேரை அனுப்பிவிட்டதே அவுகதான்.”

“ஒரு தடவை வந்து காட்டணும்மா. டாக்டரம்மா சொல்லலையா?”

“சொன்னாவ, சொன்னாவ. நல்லா ஆனவன் எதுக்கு வரணும்னு கேக்காவ. இப்பக் கழுத்துல சின்னதா ஒரு கட்டி. சளிக்கட்டியா இருக்கும்னு மஞ்சப் பத்து போட்டு அனுப்பியிருக்கோம்.”

“உடனே கூட்டிட்டு வாங்கம்மா. உடனே.”

“வரட்டும் சார், சொல்லுதேன்.” அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இணைப்பு அறுந்தது.

அருணகிரி செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வியாழன் வருவதற்குள் பலவேசத்தின் முடிவு வந்துவிட்டது. வியாழனன்று வந்ததும் அதைப் படித்துவிட்டு அருணகிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வரமாட்டார் என்று நினைத்தார். வராமல் இருந்தால் தேவலை என்றும் ஒரு நொடி தோன்றியது. மதியத்துக்கு மேல் பலவேசம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்னத்தத் தச்சியளோ. நாக்கு நாள் பூராவும் அந்த நூலுகிட்டயே போய் நிக்கி. சோத்த விட நூலத்தான் அதிகமா மென்னுருக்கேன்.”

“சார், நீங்க பிரிங்க” என்றார் பெர்பெத்துவா.

அருணகிரி முடிச்சைத் தூக்கி, வெட்டி, நூலை உருவினார். காயம் அழகாக ஆறிக்கொண்டிருந்தது.

“அவ்வளவுதான? லோடு நிக்கி.” பலவேசம் எழுந்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

பெர்பெத்துவா முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“புத்துநோயா?” என்றார் பலவேசம். “அதான் எடுத்தாச்சுல்லா?”

“மேல இருந்ததை எடுத்தாச்சு. கீழ இறங்கியிருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில கன்னத்தையும் கழுத்தையும் திறந்து எடுக்கணும். இப்பவே போனா எடுத்துரலாம்.”

“லைட்டு?”

“அதுக்கு லைட்டு பத்தாது. கத்திதான்.”

பலவேசம் கன்னத்தைத் தடவினார். வலி ஏதும் அகப்படவில்லை போலும். மறுபடியும் தடவினார்.

“நூலு குத்தலேன்னா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்” என்றார். நன்றியா, வசவா என்று அருணகிரிக்குத் தெரியவில்லை. பலவேசம் கதவைத் திறந்து வெளியே போனார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெர்பெத்துவா எழுதிக் கொடுத்த சீட்டு நாற்காலியிலேயே கிடந்தது.

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாரா மேடம்?”

பெர்பெத்துவா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “வெளிய நிக்காரா பாருங்க.”

அருணகிரி ஜன்னலுக்குப் போனார். “நிக்கார். லாரிப் படியில ஒரு காலை வச்சிக்கிட்டு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.”

“அந்தச் சீட்டை எடுத்துக்கோங்க சார். போய், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உக்காருங்க.”

“நானா? ஏறி என்ன சொல்ல?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் இறங்கச் சொன்னாலும், பெரிய ஆஸ்பத்திரி வாசல் வர்ற வரைக்கும் இறங்காதீங்க.”