டிக்கெட் வாங்கிய கோச்

"நான் எதை மாத்தணும் சார்?"

இசக்கிராஜ் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

வலைக்கு அந்தப் பக்கம், பார்வையாளர் காலரியின் மூன்றாவது வரிசையில், ஆல்வின் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் காலைவரை பொருநை ஹாக்கி அணிக்கு ஆல்வின்தான் தலைமைக் கோச். லீக் பாதியில் நிற்கும்போதே அவரை அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் துணையாக இருந்த இசக்கிராஜைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்.

ஆல்வின் சொந்த ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ டிக்கெட் வாங்கிக்கொண்டு மாட்ச் பார்க்க வந்துவிட்டார். உட்கார்ந்த இடமும் பழைய அணியின் ஆட்கள் உட்காரும் டக்-அவுட்டுக்கு நேர் பின்னால்.

"உங்களத்தான் கேக்கேன் சார்."

"காதுல விழுது அண்ணாச்சி."

ஆல்வினுக்கு நாற்பத்தொரு வயது. இசக்கிராஜுக்கு ஐம்பத்து மூன்று. சின்னவரை 'சார்' என்று கூப்பிட இசக்கிராஜ் கூச்சப்பட்டதில்லை. இந்த மூன்று வருஷத்தில் அவரிடம் கற்றுக்கொண்டது ஏராளம் என்று யார் கேட்டாலும் சொல்வார். அந்த இடம் தனக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது வந்துவிட்டது. 

பின் வரிசையிலிருந்து ஒரு தடித்த குரல் வந்தது. "என்ன கோச்சு, வேலை போனா வீட்டுல இருக்கக் கூடாதா? இங்க வந்து கடலை திங்கேரே!"

"வீட்டுல இருந்தா அவ வேலை சொல்லுதா வே," என்றார் ஆல்வின் திரும்பாமலே.

காலரி சிரித்தது. இசக்கிராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் மேனேஜர் கிருபாகரன் அவரைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். "இன்னைக்கு ஜெயிக்கணும் அண்ணாச்சி. டிராகூட ஆகாது. ஜெயிச்சா நீங்க கோச். இல்லன்னா டீமையே கலைச்சிருவாங்க. அப்புறம் யாரு கோச்சுங்கற கேள்வியே கிடையாது."

அதை அப்படியே ஆல்வினிடம் ஒப்பித்தார் இசக்கிராஜ்.

"பிரிட்டோவ உக்கார வச்சிட்டு பீர் முகமத இறக்கலாமான்னு பாக்கேன். முன்னால ஒரு ஆளக் குறைச்சு நடுவுல போடலாமான்னு இருக்கு. இல்ல, பழையபடியே விட்டுரலாமா? ஒண்ணும் ஓட மாட்டேங்குது சார்."

"என்கிட்ட ஏன் கேக்கீங்க?"

"உங்களுக்குத் தெரியும்லா."

"தெரிஞ்சவன ஏன் வெளிய அனுப்புதாவ?"



ஆல்வின் பக்கத்து நாற்காலியில் இருந்த கடலைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்க. உக்காருங்க."

"மாட்ச் ஆரம்பிக்கப் போவுது சார்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். வாங்க."

சுற்றுவாசல் வழியாக வந்து உட்கார்ந்தார். மைதானத்துச் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடித்து முடித்திருந்தார்கள். பச்சை விரிப்பு பளபளத்தது. பையன்கள் பந்தைத் தட்டிக் கொடுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தெரியுது?" என்றார் ஆல்வின்.

"பயலுவ வார்ம்-அப் பண்ணுதானுவ."

"நல்லாப் பாருங்க."

பார்த்தார்.

பிரிட்டோவின் மட்டையில் பட்டு ஒரு பந்து துள்ளிப் போனது. பின்கள ஆட்டக்காரன், இருபத்து மூன்று வயதுப் பையன், நல்ல உடல்வாகு. பந்து போன திசையை அவன் பார்க்கவில்லை. சட்டென்று தலையைத் திருப்பி டக்-அவுட்டைப் பார்த்தான்.

சற்று நேரத்தில் முன்கள ஆட்டக்காரன் ஒருவன் தவறவிட்டான். அவனும் டக்-அவுட்டைப் பார்த்தான்.

கோல்கீப்பர்கூடப் பார்த்தான்.

டக்-அவுட்டில் தண்ணீர் பாட்டில்களும் துண்டுகளும் கிடந்தன.

"அங்கதான் யாருமே இல்லையே சார்."

"ஆமா. நான் இங்க இருக்கேன். நீங்களும் இங்க இருக்கீங்க."

ஹாக்கியில் ஆட்டம் நடக்கும்போதே எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆட்டக்காரனுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்க வந்த ஏற்பாடு அது. ஆல்வின் அதை வேறுவிதமாக வைத்திருந்தார். தப்புச் செய்தவன் அந்தக் கணமே வெளியே வந்துவிடவேண்டும். ஆல்வின் கண்ணைக் காட்டுவார். இசக்கிராஜ் பேரைச் சொல்லிக் கத்துவார். முதல் வருஷம் அது நன்றாகவே பலித்தது. பேப்பரில்கூட எழுதினார்கள்.

"இது எப்ப இருந்து சார் இப்படி?"

"தெரியல அண்ணாச்சி. அங்க நிக்கும்போது எனக்கு அவனுவ முகம் தெரிஞ்சுது. நான் சொல்லுததக் கவனமா கேக்கானுவன்னு நெனச்சுட்டேன்."



"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

ஆல்வின் ஒரு கடலையை எடுத்து மெதுவாக உரித்தார். தோலை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். 

நடுவர் விசில் அடித்தார். இசக்கிராஜ் ஓடினார்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே பிரிட்டோ காலுக்கடியில் பந்தை விட்டான். எதிரணிக்காரன் அதைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கோல் அடித்தான்.

இசக்கிராஜ் வாயைத் திறக்கும் முன்பே டக்-அவுட்டில் பீர் முகமது எழுந்து நின்றுவிட்டான். பல்லுக்கு உறை மாட்டி, மட்டையைக் கையில் எடுத்தாயிற்று. அங்கே பிரிட்டோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்துகொண்டிருந்தான்.

இசக்கிராஜ் திரும்பிக் காலரியைப் பார்த்தார். ஆல்வின் உள்ளங்கையில் கிடந்த தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

பிரிட்டோ கோட்டருகே வந்து நின்றான்.

"உன்ன யாருல கூப்பிட்டா?"

"நாந்தான அண்ணாச்சி விட்டேன்."

"கூப்பிட்டேனா?"

"இல்ல."

"பெறகு என்ன? உள்ள போ."

பிரிட்டோ புரியாமல் அவரையும் பீரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உள்ளே ஓடினான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

பீர் உட்கார்ந்து பல் உறையைக் கழற்றினான்.

"அண்ணாச்சி, நான் இன்னைக்கு இறங்குவேனா?"

"இறங்குவ."

"அவன் இன்னொண்ணு விட்டாத்தானா?"

அவன் குரலில் குத்தல் இல்லை. சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இசக்கிராஜால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெஞ்சில், அதே மூலையில், மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர்.

முதல் கால் பகுதி முடிந்த இடைவெளியில் வலையருகே போனார்.

"சார், பிரிட்டோவ வச்சிருக்கவா, எடுக்கவா?"

"கடலை வேணுமா அண்ணாச்சி?"

"சார், விளையாடாதீங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி."

"அடிக்கட்டும். எனக்கும் அடிச்சுது."

அவ்வளவுதான்.

இரண்டாவது பகுதியில் பொருநை அணி ஒரு கோல் போட்டது. மைதானமே எழுந்து கத்தியது. இசக்கிராஜ் திரும்பி ஆல்வினைப் பார்த்தார்.

மூன்றாவது பகுதியில் களைத்துப்போன ஒருவனை எடுத்துவிட்டு பீரை இறக்கினார். இறக்கிவிட்டு ஆல்வினைப் பார்த்தார். பீர் தள்ளிக் கொடுத்த பந்தில் இரண்டாவது கோல் விழுந்தது. பார்த்தார். நடுவர் ஒரு தீர்ப்பை மாற்றிச் சொன்னார். அதற்கும் பார்த்தார்.

"அண்ணாச்சி!" என்றது தடித்த குரல். "கிரவுண்டு அந்தப் பக்கம் இருக்கு!"

காலரி முழுக்கச் சிரித்தது. அவரும் வெட்கத்தோடு கையை ஆட்டிவிட்டு மைதானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். எதிரணிப் பந்து ஒன்று கோல் கம்பத்தை உரசிக்கொண்டு போனதும் கழுத்து தானாகத் திரும்பியது.

இரண்டுக்கு ஒன்று. கடைசிக் கால் பகுதி மட்டும்தான் பாக்கி. மேனேஜர் கிருபாகரன் டக்-அவுட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டு, யாரோ பெரிய இடத்துக்குப் போனில் நிமிஷத்துக்கு நிமிஷம் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி தடுத்தே ஆடுவதா, தாக்கி ஆடுவதா? இசக்கிராஜ் வலையை நோக்கித் திரும்பினார்.

மூன்றாவது வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

கீழே கடலைத் தோல் சிதறிக் கிடந்தது.



"சார் எங்க வே?"

"கெளம்பிட்டாரு," என்றான் தடித்த குரல்காரன்.

"கெளம்பிட்டாரா? மாட்ச் முடியலையே!"

"நானும் அதத்தான் கேட்டேன். போதும்னுட்டாரு."

"எனக்கு ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு. அண்ணாச்சிக்கு ராத்திரி கழுத்து வலிக்கப் போவுது, தைலம் தேய்ச்சுக்கிடச் சொல்லுன்னாரு."

அவன் சொல்லிவிட்டுச் சிரித்தான். இசக்கிராஜ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். விசில் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவர் மைதானத்தை மட்டுமே பார்த்தார். பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. எதிரணி அலை அலையாக வந்தது.  யாரை எடுப்பது, யாரை விடுவது, எல்லாம் அவர் தலையில்தான். தடுத்து ஆடச் சொன்னார். சரியா தப்பா என்று கேட்க ஆளில்லை.

கடைசி வினாடிகளில் பந்து பொருநைப் பையன் ஒருவனின் காலில் பட்டது. நடுவர் கையை நீட்டினார். எதிரணிக்குப் பெனால்டி கார்னர். கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளி, நேராகக் கோலுக்கு அடிக்க ஒரு வாய்ப்பு.

உடனே நேரம் முடிந்த ஹூட்டர் ஒலித்தது. ஆனாலும் அந்தக் கார்னர் முடிந்த பிறகுதான் ஆட்டம் முடியும். அது கோலானால் ஆட்டம் டிரா. டிரா என்றால் அணி இல்லை.

கோல் கோட்டில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் நின்றார்கள். பந்து உள்ளே வந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்து, அடிக்கிறவனின் எதிரே நேராக ஓடவேண்டியவன் பிரிட்டோ. முழங்காலுக்கு உறையும் முகத்துக்குக் கவசமும் அணிந்திருந்தான்.

கார்னர் கொடுத்த பிறகு ஆளை மாற்ற விதியில் இடமில்லை. பிரிட்டோவுக்கும் அது தெரியும். ஆனாலும் கவசத்தை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டக்-அவுட்டைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் பந்து உள்ளே வந்துவிட்டது. அரை எட்டு பிந்தி ஓடினான். அடித்த பந்து அவன் கணுக்காலில் மோதித் தெறித்தது.

விசில். மறுபடியும் கார்னர்.

"எப்பா!" என்று தலையில் கை வைத்தார் மேனேஜர்.

பிரிட்டோ நொண்டிக்கொண்டே கோட்டுக்குத் திரும்பினான். போய் நின்றதும் மறுபடியும் இந்தப் பக்கம் பார்த்தான்.

இசக்கிராஜ் கையைத் தூக்கினார். 'பயப்படாதே' என்று காட்டுவதா, 'சீக்கிரம் ஓடு' என்று காட்டுவதா? எதைக் காட்டினாலும் அவன் பார்ப்பான். தூக்கிய கை பாதியில் நின்றது.

கையை இறக்கினார்.

மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

எதிரே காலரி முழுவதும் அவர் தலைக்கு மேலாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யோவ், என்னய்யா பண்ணுதீரு?" என்று கிருபாகரன் கத்தினார். "அங்க பாரும்!"

"பீரு."

"அண்ணாச்சி?"

"பிரிட்டோ என்ன செய்யுதான்?"

"உங்களத்தான் பாக்கான். ஏன் அண்ணாச்சி திரும்பிட்டீங்க?"

இசக்கிராஜ் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார்.

"இப்ப?"

"இன்னும் பாக்கான் அண்ணாச்சி. ஏதாவது சொல்லுங்களேன். கையயாவது காட்டுங்களேன்."

அவர் அசையவில்லை.  எங்கோ ஒரு குழந்தை அழுதது.

"இப்ப?"

பீர் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"இல்ல அண்ணாச்சி," என்றான். "பந்தப் பாக்கான்."